காய்ச்சலும் பாய்ச்சலும்: உன்னிச்சை வட்டையில் சிறுபோகத்துக்குச் சரிவருமா?

வட்டைக்காரன்:
மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்தின் கீழ் உள்ள வட்டையில் (வயல்வெளியில்) இரண்டு ஏக்கர், சிறுபோகம் (கோடைப் போகம்) செய்யப் போகிறேன். சேற்று விதைப்பு, மூன்றரை மாத நெல். வயலை இடையிடையே காயவிட்டுத் தண்ணீர் கட்டும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையில் பூமியைச் சூடாக்கும் மெதேன் வாயு குறையும், தண்ணீரும் மிச்சம் என்கிறார்கள். அதற்கு நீர்மட்டம் பார்க்கும் குழாயை வயலில் எப்படிப் பதிப்பது? தண்ணீர் வற்றினால் புல் ஏறி, கதிர் மணி பிடிக்காமல் சப்பியாகாதா?

மண்முனை_மேற்கு:
தண்ணீர் நிற்கும் சேற்றுக்குள் ஒட்சிசன் இறங்காது. அங்கே மக்கும் வைக்கோலில் இருந்து நுண்ணங்கிகள் மெதேனை உண்டாக்கும். அதில் பெரும்பகுதி குமிழியாக வராது, நெல்லின் தண்டுக்குள் உள்ள காற்றறை வழியே வெளியேறும். மண்ணில் காற்றுப் பட்டால் அந்த நுண்ணங்கிகள் ஒடுங்கிவிடும். போகத்தில் பலமுறை வடியும் வயலுக்கு, எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலின் மெதேனில் 55 வீதம்தான் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2019 கணக்குமுறை எடுக்கிறது. ஒரே ஒருமுறை வடிந்தால் 71 வீதம்.

குழாய்க்கு 4 அங்குல பீவீசி, ஓர் அடி நீளம் போதும். கீழ்ப் பாதியைச் சுற்றி முக்கால் அங்குல இடைவெளியில் சிறு துளைகள். துளையுள்ள பாதி மண்ணுக்குள், மற்றப் பாதி வெளியே. வரம்போடு ஒட்டாமல் மூன்றடி தள்ளி, மேடும் பள்ளமும் இல்லாத இடத்தில் இறக்குங்கள். உள்ளே இருக்கும் சேற்றை அடிவரை அள்ள வேண்டும். பலர் அதை அள்ளாமல் விடுவதுதான் பிழை. சில மணி நேரத்தில் உள்ளும் புறமும் ஒரே மட்டமாக வராவிட்டால் துளை அடைத்திருக்கிறது.

விதைத்து மூன்று கிழமை, களை அடங்கும் வரை வயலைக் காயவிடாதீர்கள். அதன்பின் குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 6 அங்குலம் இறங்கியதும், மேலே 2 அங்குலம் நிற்கக் கட்டுங்கள். சப்பிப் பயம் பூக்கும் காலத்துக்குத்தான்: பூக்க ஒரு கிழமை முன்பும் ஒரு கிழமை பின்பும் 2 அங்குலம் குறையவே கூடாது.

யூரியாவைக் காய்ந்த மண்ணில் போட்டு உடனே தண்ணீர் கட்டினால் உரம் வேரடிக்கு இறங்கும். போட்டபின் காயவிட்டால் நைதரசு ஒட்சைட்டு கிளம்பும். அது காபனீரொட்சைட்டைவிட 270 மடங்கு வரை சூடாக்கும் வாயு. மெதேனில் மிச்சம் பிடித்ததை இங்கே இழக்கலாம்.

நாவிதன்வெளி_கமம்:
குழாய் சரி, வாய்க்காலில் உங்கள் தண்ணீர் முறை எத்தனை நாளுக்கு ஒருக்கால் வரும்? குழாய் நாலாம் நாளில் வற்றிக் காட்ட, உங்கள் முறை ஏழாம் நாள் என்றால் பயிர் வாடும். மேல் வயலின் வக்கடையால்தான் (வரம்பில் வெட்டிய நீர்வழியால்தான்) உங்களுக்குத் தண்ணீர் வருகிறது என்றால் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வாய்க்காலில் உள்ள எல்லோரும் சேர வேண்டும். இதைப் போகம் தொடங்க முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்திலேயே, தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையோடு பேசுங்கள். பம்பில் இறைப்பவருக்கு எண்ணெய்க் காசு கையில் மிஞ்சும். குளத்துத் தண்ணீரில் மிச்சம் குளத்துக்குத்தான். இந்த முறை பரவாததற்கு அதுவே பெரிய காரணம் என்பேன்.

களப்போரம்:
வாவி ஓரத்து உவர் வயலில் இதைச் செய்யாதீர்கள். காயும்போது அடியில் உள்ள உப்பு மேலே ஏறும். அங்கே ஏடி 354 போல உவர் தாங்கும் இனம் போட்டு, தண்ணீரை நிறுத்தியே வைக்க வேண்டும்.

மாரியில் குழாய்க்கு வேலை இல்லை, மழையே வயலை நிரப்பிவிடும். அப்போது வைக்கோலைக் கவனியுங்கள். விதைப்புக்கு முதல் கிழமையில் உழுது புதைத்துத் தண்ணீர் கட்டுவதுதான் மோசம். அறுவடை முடிந்த கையோடு, ஈரம் இருக்கும்போதே மடக்கி, தண்ணீர் கட்ட முன் 30 நாளுக்கு மேல் விட்டால், அந்த வைக்கோலால் கூடும் மெதேன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும். கொளுத்தாதீர்கள், அதிலுள்ள நைதரசன் புகையோடு போய்விடும்.

வட்டைக்காரன்:
நன்றி அண்ணன்மார். எங்கள் மண் களி. ஆறு அங்குலம் இறங்கும் முன்னமே வெடிக்குமே?

மண்முனை_மேற்கு:
அப்படியென்றால் 4 அங்குலத்தோடு நிறுத்துங்கள் தம்பி. வெடிப்பு உழுத மண்ணுக்கும் கீழே போனால் கட்டுகிற தண்ணீர் அதற்குள்ளேயே ஓடிவிடும், மிச்சம் பிடிக்கப் போய் இரட்டிப்பாகச் செலவாகும்.