சவுக்கு வெட்ட எந்தச் செயின்சா? 22 அங்குலமா, 14 அங்குலமா?

குறிஞ்சிப்பாடி_விவசாயி:
வணக்கம். இரண்டு ஏக்கர் சவுக்கு, நான்கு வருடம் முடிகிறது. அடியில் நான்கிலிருந்து ஆறு அங்குலம் கனம். வேலியோரம் பத்து வேப்பமரம் இருக்கிறது, அதற்கும் கிளை கழிக்க வேண்டும். வெட்டு ஆள் கிடைக்காததால் நானும் தம்பியுமே இறங்கப் போகிறோம். கடையில் 58 சிசி, 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போட்ட மிஷினைக் காட்டி, "பெரிசாவே வாங்கிடுங்க, எல்லாத்துக்கும் ஆகும்" என்கிறார்கள். விலையும் குறைவு. வாங்கலாமா? இதுவரை அரிவாளும் கோடாலியும்தான் பிடித்திருக்கிறோம்.

பட்டுக்கோட்டை_தென்னை:
2018 கஜா புயலில் விழுந்த தென்னைகளை அறுக்க நாங்கள் அந்த அளவுதான் வைத்திருந்தோம். நன்றாகவே உழைத்தது. ஆனால் அது படுத்துக்கிடந்த மரம். நிற்கிற சவுக்குக்கு எப்படி என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லட்டும்.

முந்திரித்தோப்பு_பண்ருட்டி:
தம்பி, சவுக்குக்கு அது வேண்டாம். 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் முந்திரி வேரோடு சாய்ந்தபோது அதே அளவு மிஷின் வாங்கினேன். பருத்த அடிமரங்களுக்கு அது தேவைப்பட்டது. பிறகு அதையே சவுக்குக்குக் கொண்டுபோனேன். ஒரு சவுக்கை அறுக்கச் சில நொடிதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் குனிந்து நிமிர்ந்து அடுத்ததற்கு நடக்க வேண்டும். அந்தக் கனத்தோடு மத்தியானம் வரை வெட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், சோற்றைப் பிசைய விரல் மடங்கவில்லை.

அதைவிட முக்கியம் பார் நீளம். ஆறு அங்குல மரத்தில் 22 அங்குல பாரை வைத்தால் பாதிக்கு மேல் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். சவுக்கோ நெருக்கமாக நட்டிருப்போம். பாரின் மூக்கு, அதிலும் மேல் பாதி, பக்கத்து மரத்தில் பட்டால் மிஷின் துள்ளி முகத்துக்கு நேராக வரும். எனக்கு வந்தது. செயினை அந்த நொடியே நிறுத்தும் செயின் பிரேக் விழுந்ததால் இடது கைச் சட்டை கிழிந்ததோடு போயிற்று.

30லிருந்து 35 சிசி, 14 அங்குல பார் போதும். ஸ்டில் எம்எஸ் 180 என்றால் 31.8 சிசி, அந்த ரகம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் செயின் பிரேக் சரியாக விழுகிறதா, உதிரி செயின் உங்கள் ஊரிலேயே கிடைக்குமா என்று பார்த்து வாங்குங்கள். வேப்பங்கிளைக்கும் இதுவே தாராளம். ஆனால் ஏணியில் நின்று மட்டும் மிஷின் பிடிக்காதீர்கள்.

வெட்டும் முன் அடிமரத்தில் ஒட்டியிருக்கும் மணலை அரிவாளால் சுரண்டிவிடுங்கள். நம் பக்கத்து மணல் செயின் பல்லை நிமிடத்தில் மழுக்கிவிடும். சாயும் பக்கம் ஆப்பு மாதிரி சின்ன வாய் வெட்டி, பின்பக்கம் அறுக்கும்போது நடுவே விரல் கனத்துக்குக் கட்டையை அறுக்காமல் விட்டுவைத்தால் மரம் திரும்பாமல் விழும். கவைக்கோலால் தள்ளத் தம்பி இருக்கிறார், நல்லது.

கிளை கழிக்கும்போது மரத்துக்கு இடது பக்கம் நின்று, மிஷினை மரத்தின் மேலேயே தாங்கவைத்து வலது பக்கக் கிளைகளை எடுங்கள். செயினுக்கும் காலுக்கும் நடுவே மரம் இருக்கும். மிலாறை, அதாவது மெல்லிய குச்சிக் கிளைகளை, மிஷினால் தொடவே தொடாதீர்கள். செயின் அதை இழுத்துச் சாட்டை மாதிரி வீசும். அதற்கு அரிவாள்தான்.

குறிஞ்சிப்பாடி_விவசாயி:
மிக்க நன்றி அண்ணா. 14 அங்குலமே வாங்கிவிடுகிறோம். செயின் மழுங்கியது எப்படித் தெரியும்?

முந்திரித்தோப்பு_பண்ருட்டி:
தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். தேங்காய்த் துருவல் மாதிரி விழுந்தால் கூர் இருக்கிறது. மாவாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது. மிஷினை அழுத்தி அறுக்கவேண்டி வந்தாலும் அதேதான். இந்த அளவு செயினுக்குப் பெரும்பாலும் 4 மி.மீ. உருண்டை அரம் பொருந்தும், கடையில் கேட்டே வாங்குங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில், உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள். ஒரு பக்கம் கூடினால் வெட்டு கோணலாக ஓடும். பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் பல்லுக்கு இரண்டு இழுப்பு அரம் போட்டுவிட்டே அடுத்த மரத்துக்குப் போங்கள்.