ரீமிக்ஸ்: மறுகலவையா, வழியிசையா?

அடையாறு:
குழுவினருக்கு வணக்கம். ஒலிப்பதிவு மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்விஸ் பிரெஸ்லி 1968இல் பாடிய 'எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்' பாடலுக்கு நெதர்லாந்துக் கலைஞர் ஜங்கி எக்ஸ்எல் புதிய நடனத் தாளம் அமைத்தார். 2002இல் அது பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் 'ரீமிக்ஸ்' எனப்படும் இந்த வேலையைத் தமிழில் 'மறுகலவை' என்று எழுதியிருக்கிறேன். பதிப்பாசிரியரோ, "கலவை என்றால் சிமென்ட் அல்லவா?" என்கிறார்.

மயிலாப்பூர்:
சிமென்ட்கூடப் பரவாயில்லை, 'மறு'தான் உறுத்துகிறது. மறு என்றால் களங்கம். 'மதிக்கண் மறுப்போல் உயர்ந்து' என்பது குறள். தொல்காப்பியர் மரபியலில் நூலை முதல் (மூலநூல்), வழி (அதைப் பின்பற்றி எழுந்தது) என்று பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், இரண்டும் சேர்ந்த தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுத்திருக்கிறார். எல்விஸ் பாடியது முதலிசை, பின்னது வழியிசை. நடன அரங்குக்காக நீட்டினால் விரித்தல், வானொலிக்காகச் சுருக்கினால் தொகுத்தல். இதைவிட என்ன வேண்டும்?

பெரம்பூர்:
ஐயா, சொல் அழகானது. ஆனால் ஒலிக்கூடத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் ஏற்க முடியவில்லை. குரல், கிட்டார், டிரம்ஸ் எல்லாம் தனித்தனித் தடங்களில் இருக்கும். எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்று அளவு பார்த்துச் சேர்ப்பதுதான் கலத்தல். ரீமிக்ஸில் பழைய குரல் அப்படியே நிற்க, மற்றதை மீண்டும் கலக்கிறோம். நம் படங்களில் ரீமிக்ஸ் என்று வருபவற்றில் பல, வேறொருவர் புதிதாகப் பாடியவை. அவையும் வழியிசைதானே? மாணவன் குழம்பிப்போவான். தவிர, அந்த இசைத்தட்டு 'எல்விஸ் எதிர் ஜேஎக்ஸ்எல்' (ஜேஎக்ஸ்எல் என்பது ஜங்கி எக்ஸ்எல்தான்) என்ற பெயரில்தான் வெளிவந்தது. வழிநூல் செய்தவன் முதல்நூல் ஆசிரியனுக்கு எதிரே நிற்பானா?

வேளச்சேரி:
ரீமிக்ஸ் என்றே விடுங்கள். கடைக்காரர் முதல் கல்லூரிப் பெண் வரை எல்லோருக்கும் புரிகிறது. 'வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ', அதாவது வடசொல்லை அதன் எழுத்தை நீக்கி எடுத்துக்கொள்ளலாம் என்று தொல்காப்பியரே பிறமொழிச் சொல்லுக்கு வழிவிட்டிருக்கிறார்.

மயிலாப்பூர்:
பிறமொழி எழுத்தை நீக்கிவிட்டு எழுதச் சொன்னார், அம்மா. 'இரீமிக்கு' என்று எழுதச் சம்மதமா?

அடையாறு:
நேரமில்லை. தனி மடலில் கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் மறுகலவையை ஏற்கிறார்கள். அதையே அனுப்புகிறேன், முதல்முறை வரும் இடத்தில் மட்டும் 'ரீமிக்ஸ் எனப்படும் மறுகலவை' என்றிருக்கும். புதிதாகப் பாடுவதற்கு 'மறுபாடல்'.

மயிலாப்பூர்:
அனுப்புங்கள். என் மறுப்பு அப்படியே இருக்கிறது. 1989இல் ஜைவ் பன்னி குழுவினர் பழைய ராக் அண்ட் ரோல் பாடல்களைத் துண்டுதுண்டாக ஒட்டி வெளியிட்டார்களே, அதற்கு மறுகலவை எப்படிப் பொருந்தும்? அது தொகைவிரி. நாளை விரிவாக எழுதுகிறேன்.