பேச்சு முறிந்தது என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? திருகோணமலை அனுபவங்கள்

உப்புவெளி

இலங்கை அரசும் புலிகளும் ஒஸ்லோவில் என்ன பேசினார்கள், ஜெனீவாவில் என்ன பேசினார்கள் என்று நிறைய எழுதியாயிற்று. ஆனால் பேச்சு முறிகிற சத்தத்தை முதலில் கேட்டது எங்கள் ஊர்தான், அதுவும் இரண்டு தரம். முதல் தரத்தை நான் சொல்கிறேன்.

1995 ஜனவரி 8இல் போர் ஓய்வு தொடங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. சந்திரிகா ஜனாதிபதியாக வந்துவிட்டார், இனிச் சண்டை இல்லை என்று அப்பா உறுதியாக நம்பினார். ஏப்ரல் 19, நள்ளிரவு தாண்டிய நேரம் துறைமுகப் பக்கம் வெடித்தது. யன்னல்கள் அதிர்ந்தன. சூரயா, ரணசுரு என்ற இரண்டு கடற்படைக் கப்பல்களைப் புலிகள் தகர்த்திருந்தார்கள். பேச்சிலிருந்து விலகுகிறோம் என்ற கடிதம் முதல் நாள்தான் போயிருந்தது. பூநகரி இராணுவ முகாமை அகற்றுவது, எரிபொருள் தடை, கிழக்கில் புலிகள் ஆயுதத்தோடு நடமாடுவது என்று இழுபட்டவையெல்லாம் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று விடிந்ததும் அப்பா அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: “மண்ணெண்ணெய் வாங்கி வையும்.” அவர் அப்படிச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் தரத்தை அருகில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

மொழிபெயர்த்தவன்

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த வருடக் கடைசியில் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவினருக்கு மொழிபெயர்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து என்று ஐந்து நாட்டு ஆட்கள். பலர் தங்கள் ஊரில் பொலிசிலோ படையிலோ இருந்தவர்கள். நல்ல மனிதர்கள். எங்கள் வெயிலில் சிவந்துபோய்த் திரிவார்கள், ஆனால் எந்தக் கிராமத்துக்கும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை.

நான் ஒவ்வொரு நாளும் தமிழில் சொல்ல வேண்டியிருந்த வசனம் ஒன்று உண்டு: “நாங்கள் விசாரிப்போம், அறிக்கை எழுதுவோம். தண்டிக்கிற அதிகாரம் எங்களுக்கு இல்லை.” பிள்ளையைப் புலிகள் இயக்கம் கொண்டுபோய்விட்டது என்று அழுத தாயிடமும் இதைச் சொன்னேன். சோதனைச்சாவடியில் மகனுக்கு அடித்தார்கள் என்று வந்த தகப்பனிடமும் இதைத்தான் சொன்னேன். சொல்லும்போது அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், வெள்ளைக்காரரைப் பார்க்க மாட்டார்கள். அந்த வசனத்தை நானே எழுதியதுபோல இருக்கும்.

அப்படியிருந்தும் முதல் இரண்டு வருடங்கள் சனம் வந்தது. காலையில் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். மாடு காணாமல் போனதற்குக்கூட வந்திருக்கிறார்கள். முறைப்பாடு கொடுக்க வருகிறவருக்கு ஏதோ ஒரு நம்பிக்கை மிச்சம் இருக்கிறது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். 2004 மார்ச்சில் அவர்களின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார். அதற்குப் பிறகு கிழக்கில் யார் யாரைச் சுட்டது என்று கேட்கவே ஆட்கள் பயந்தார்கள். 2005 மே மாதம் பஸ் நிலையத்துக்கு அருகே இரவோடு இரவாகப் புத்தர் சிலை வைக்கப்பட்டது. நகரம் நாட்கணக்கில் கடையடைத்துக் கிடந்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் முறைப்பாட்டுப் பட்டியலைப் பார்த்து, எண்ணிக்கை குறைந்திருக்கிறதே, நிலைமை தேறுகிறதா என்று சந்தோஷமாகக் கேட்டார். இல்லை ஐயா, சனம் வாயை மூடத் தொடங்கிவிட்டது என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டாரா என்று பார்க்கவில்லை.

2006 ஜனவரி 2இல் காந்தி சிலைக்குப் பக்கத்தில், கடற்கரையில், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொன்னார்கள். உடல்களின் படங்கள் அது துப்பாக்கிச் சூடு என்று காட்டின. படம் எடுத்த செய்தியாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்களின் கொலைக்காகப் பொலிஸ் விசேட அதிரடிப்படையினர் 12 பேரைப் பிடிக்க 2013 ஆனது. 2019இல் குற்றம்சாட்டப்பட்ட எல்லோரையும் நீதிமன்றம் விடுவித்தது. அந்தப் பிள்ளைகளின் வயதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

அதே 2006இல், பெப்ரவரி 22, 23இல் ஜெனீவாவில் பேச்சு. போர்நிறுத்தத்தை மதிப்போம் என்று இரண்டு தரப்பும் சொன்ன செய்தி வந்த வாரம், ஒரு தகப்பன் எங்கள் வாசலுக்கு வந்தார். மகன் இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. படிவத்தை நீட்டினேன். வாங்கி, கண்ணாடியைப் போட்டு, முதல் வரியைப் பார்த்தார். “தம்பி, இதில என்ர பெயரைக் கட்டாயம் எழுத வேணுமோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். படிவத்தை மடிக்காமல், கசங்காமல் மேசையில் திருப்பி வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

எனக்குத் தெரிந்தது அப்போதுதான். ஏப்ரல் 12இல் மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்து, கொஞ்ச நேரத்திலேயே தமிழ்க் கடைகள் எரிந்தபோது நான் ஆச்சரியப்படவில்லை. புலிகளின் கிழக்குத் தளபதிகளை அவர்களின் தலைமை இருந்த வன்னிக்கு எப்படிக் கூட்டிப்போவது என்ற இழுபறியோடு ஏப்ரலில் நடக்கவிருந்த இரண்டாம் சுற்றும் நின்றது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ய, அந்த ஒன்றியத்து நாட்டவர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் கேட்டார்கள். சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆட்கள் போனார்கள். மேசைகள் வெறுமையாகின. நானும் அந்த வருடத்தோடு விலகினேன்.

மூதூர் மகள்

அண்ணன் எழுதியதை இரண்டு தரம் படித்தேன். எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

2002 ஏப்ரலில் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் கிளிநொச்சியில் கையெழுத்திட்ட படத்தை வாப்பா பேப்பரிலிருந்து வெட்டி அலுமாரிக்குள் ஒட்டினார். பேச்சு மேசையில் முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பாக இடம் வேண்டும் என்று கேட்டோம். ஹக்கீம் அரசாங்கக் குழுவில் ஒருவராகத்தான் போனார். எங்களைப் பற்றிப் பேசினார்கள், எங்களோடு பேசவில்லை. இந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2006 ஜூலையில் மாவிலாறு மதகைப் புலிகள் மூடினார்கள். குடிநீர்த் திட்டம் இழுபடுகிறது என்று காரணம் சொல்லப்பட்டது. கீழே சிங்கள, முஸ்லிம், தமிழ் விவசாயிகள் எல்லோருக்கும் தண்ணீர் நின்றது. 26ஆம் தேதி விமானப்படையின் கிபிர் விமானம் குண்டு போடத் தொடங்கியது. அப்போதும் வாப்பா “பேசித் தீர்ப்பாங்க” என்றுதான் சொன்னார். ஒரு நாள் திருகோணமலைக்கு லோஞ்ச் படகு ஓடவில்லை. கொட்டியாரக் குடாவில் ஒரு தோணிகூட இல்லை. எனக்கு அந்தக் கடலைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

ஆகஸ்ட் 2 விடியமுன்பே புலிகள் ஊருக்குள் வந்துவிட்டார்கள். அப்புறம் இரண்டு பக்கத்து ஷெல்லும் எங்கள் மேல். 4ஆம் தேதி ஊரே நடந்து கந்தளாய்க்குப் போனது. மூத்தம்மாவை நானாவும் நானும் மாறி மாறித் தூக்கினோம். அந்தச் சனத்துக்குள் போகாமல் தங்கள் அலுவலகத்திலேயே இருந்த பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்துப் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். 16 தமிழர், ஒரு முஸ்லிம். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்குத் தண்ணீர் வேலை செய்ய வந்த பிள்ளைகள். படையினர்தான் செய்தார்கள் என்று கண்காணிப்புக் குழு சொன்னது. ஒருவருக்கும் தண்டனை இல்லை.

ஆகஸ்ட் 6இல் புலிகள் மதகைத் திறக்க ஒத்துக்கொண்டு, கண்காணிப்புக் குழுத் தலைவர் ஹென்றிக்சன் அந்தப் பக்கம் போயிருந்தபோதே ஷெல் விழுந்ததாம். இதைக் கந்தளாய்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பாயில் இருந்தபடி றேடியோவில் கேட்டோம். வாப்பா றேடியோவை நிறுத்தினார்.

சம்பூர்

எனக்கு அதற்கு முன்பே தெரியும். 2006 ஏப்ரல் 25இல் கொழும்பில் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவைக் குறிவைத்துக் குண்டு வெடித்தது. அன்று பின்னேரமே எங்கள் பக்கம் குண்டு விழுந்தது. போர்நிறுத்தம் அப்போதும் கடதாசியில் இருந்தது. 2008 ஜனவரி வரை இருந்தது.

செப்டெம்பரில் சம்பூரை இராணுவம் பிடித்தது. நாங்கள் வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம். காணியை அனல் மின் நிலையத்துக்கு என்றார்கள். 2015இல்தான் விடத் தொடங்கினார்கள். வளவைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போனது. கிணற்றுக் கட்டு இருந்தபடியால் அடையாளம் கண்டோம்.

மொழிபெயர்த்தவன்

மூதூர் தங்கச்சி, வாப்பா இருக்கிறாரா? அவர் கையெழுத்து வைத்த முறைப்பாடு ஏதாவது எங்கள் அலுவலகத்துக்கு வந்ததா?

மூதூர் மகள்

2011இல் மௌத்தாகிவிட்டார் அண்ணன். ஒன்று கொடுத்தார். 2003இல். எங்கள் வயலுக்குப் போக விடவில்லை என்று.