மறு: ‘சைலண்ட் டிரேட்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

வ. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கான துணைப்பாட நூலில் மேற்கு ஆப்பிரிக்கப் பேரரசுகள் பற்றிய பாடத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கானா, மாலி எல்லாம் தடையில்லாமல் ஓடின. ‘சைலண்ட் டிரேட்’ வந்ததும் நின்றுவிட்டேன். சகாராவைக் கடந்து வரும் வணிகர்கள் உப்பைக் குவித்து வைத்து, முரசு கொட்டிவிட்டு விலகிப் போவார்கள். தங்கம் எடுப்பவர்கள் வந்து பக்கத்தில் தங்கப்பொடியை வைத்துவிட்டு மறைவார்கள். அளவு போதுமென்றால் வணிகர் எடுத்துக்கொள்வார். போதாதென்றால் தொடாமல் காத்திருப்பார். பழைய மொழிபெயர்ப்பு ஒன்றில் ‘ஊமை வணிகம்’ என்று இருக்கிறது. அதை வகுப்பில் வைக்க மனமில்லை. வெள்ளிக்கிழமை கோப்பு போயாக வேண்டும்.

இரா. எழுதியது:
மௌன வணிகம். பிள்ளைகளுக்கு உடனே புரியும். அடுத்த சொல்லுக்குப் போங்கள்.

த. எழுதியது:
மௌனம் வடசொல். அது கிடக்கட்டும், மௌனம் முனிவர் காப்பது, உப்பு விற்பவருக்கு எதற்கு? அகநானூறு 140-இல் உமணர் (உப்பு வணிகர்) மகள் நெல்லுக்கு உப்பு என்று சேரியில் ‘விலைமாறு கூறுகிறாள்’. விலைமாறு என்ற சொல் கையில் இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? கூறாமல் நடந்தால் ‘கூறா விலைமாறு’. உவர், உவண், உமண் என்று திரிந்துதான் உமணர் வந்தது என்பது என் துணிபு. அதை விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன். அப்புறம், சகாராவைப் ‘பாலை’ என்று எழுதிவிடாதீர்கள். முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால்தான் பாலை.

இரா. எழுதியது:
ஐயா, தனி மடல் வேண்டாம், இந்த இழையே தாங்காது. ‘கூறா விலைமாறு’ என்றால் பையன் சந்தையில் கூறு கட்டி விற்பதை நினைப்பான். சொல்லப்போனால் அந்த உப்பும் கூறு கட்டித்தான் இருக்கிறது!

கு. எழுதியது:
எங்கள் பக்கம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். வாய் திறப்பதில்லை. அதற்குப் பேர் இருந்தால் அதையே எடுக்கலாமே?

ச. எழுதியது:
கு. தம்பி, துண்டு வியாபாரத்தில் ஆள் எதிரே நிற்கிறான். இங்கே ஆளே கண்ணில் படுவதில்லை. முரசு வேறு கொட்டுகிறார்கள், அதை மௌனம் என்பதா? பேச்சு இல்லை என்பதைவிட இரு தரப்பும் சந்திக்கவில்லை என்பதுதான் முக்கியம்.

அப்படி ஒதுங்கி இருப்பது அரசர்களுக்கும் வசதிதான். 1068-இல் அரபுப் புவியியலாளர் அல் பக்ரி எழுதிய கானாவைப் பாருங்கள்: தலைநகரே இரண்டு ஊர். 12 பள்ளிவாசல்களோடு முஸ்லிம் ஊர் ஒன்று. 6 மைல் தள்ளி, தோப்புக்குள் தெய்வங்களைக் காத்துவைத்த அரசர் ஊர் இன்னொன்று. உள்ளே வரும் கழுதைச் சுமை உப்புக்கு 1 தினார், வெளியே போனால் 2 தினார் வரி. தங்கக் கட்டி கிடைத்தால் அரசருக்கு, பொடிதான் மக்களுக்கு. மாலியின் மன்சா மூசா முஸ்லிம். 1324-இல் மக்கா போகும் வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்து அதன் விலையையே இறக்கியவர். அந்த மாலி அரசர்கள்கூடத் தங்கம் எடுப்பவர்களை மதம் மாற்றாமல் விட்டுவைத்தார்கள். மாற்றிய ஊரில் தங்க வரத்து குறைந்தது என்கிறார் அரபு வரலாற்றாசிரியர் அல் உமரி.

எனவே ‘முகங்காணாப் பண்டமாற்று’.

இன்னொன்று. இந்த வணிகத்தை எழுதிய அரபு நூலாசிரியர்கள் அல் மசூதி, யாகூத், 1455-இல் வெனிசுக் கடலோடி கடாமோஸ்டோ எல்லாரும் காதால் கேட்டதைத்தான் எழுதினார்கள். 1352-இல் நேரில் போன பயணி இபின் பதூதா, சகாராவின் உப்புச் சுரங்க ஊரான தகாசாவில் உப்புப் பாளத்தால் சுவர் எழுப்பி ஒட்டகத்தோலால் கூரை போட்ட வீடுகளைச் சொல்கிறார்; மாலியில் இப்படி விற்றார்கள் என்று சொல்லவில்லை. ஆப்பிரிக்காவில் அல்ல, ருஷ்யப் பக்கம் வடகோடி ‘இருள் நாட்டில்’ மென்மயிர்த் தோல் இப்படி விற்பதாகத்தான் சொல்கிறார், அதுவும் கேள்விப்பட்டது. பாடத்தில் ‘நடந்ததாகச் சொல்வார்கள்’ என்று போடுங்கள்.

கு. எழுதியது:
முகங்காணா நன்று. ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் இணையத்தில் வாங்குவதும் முகங்காணாப் பண்டம்தானே அக்கா?

இரா. எழுதியது:
அவ்வளவு நீளத்தைத் தேர்வில் யார் எழுதுவது? ‘பேசா வணிகம்’ என்று வையுங்கள். எனக்கு மௌனத்தில் பிடிவாதம் இல்லை.

வ. எழுதியது:
நன்றி. இரா., கு., நான் என்று மூவர் ‘பேசா வணிகம்’ பக்கம். ச. அம்மா சொன்ன முகங்காணாமை அடுத்த வரி விளக்கத்தில் வந்துவிடும், ‘சொல்வார்கள்’ என்பதும் சேர்த்தாயிற்று. ‘பாலைவனம்’ அப்படியே இருக்கிறது, ஐயா மன்னிக்கவும். கோப்பை அனுப்பிவிட்டேன்.

ச. எழுதியது:
சரி. முரசு கொட்டும் வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

த. எழுதியது:
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தில் (‘பேசாத’, ‘பேசா’ ஆவது) வல்லினத்துக்கு முன்தான் ஒற்று மிகும் என்பதால் ‘பேசா வணிகம்’ இலக்கணப்படி சரியே. சொல்லை நான் ஏற்கவில்லை. உமணர் பற்றிய மடல் நாளை வரும்.