புதுப்பிப்பு: கைக்குழந்தையோடு பனிச்சறுக்கு, குல்மார்க்கா ஔலியா?

மூன்று வயது மகளையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு பனிச்சறுக்குக்குக் காஷ்மீரின் குல்மார்க் போகலாமா, உத்தராகண்டின் ஔலி போகலாமா என்று குன்னூரிலிருந்து கேட்டிருந்தேனே, குல்மார்க் என்று முடிவாகிவிட்டது. புதிதாகக் கற்பவர்களுக்கான சரிவுகள் அங்கே விடுதிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பிள்ளை சிணுங்கினால் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்துவிடலாம். எனக்கு அதுதான் முக்கியம்.

உயரம் பற்றிச் சிலர் எச்சரித்தீர்கள், நன்றி. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், குல்மார்க் 2,650. அங்குள்ள கோண்டோலாவின் (ரோப் கார்) இரண்டாம் கட்டம் 3,900 மீட்டரைத் தாண்டுகிறது. குழந்தைகளோடு அதில் ஏறவே மாட்டோம். முதல் இரவு ஸ்ரீநகரில் தங்கிவிட்டு, அப்புறம்தான் குல்மார்க் ஏறுவோம்.

அப்புறம், நம் ஊர் உறைபனிக்குப் போடும் கம்பளிக் கையுறை அங்கே ஆகாது. பனி உருகி ஊறி விரல் விறைத்துவிடும். தண்ணீர் புகாத, நான்கு விரலும் ஒன்றாக நுழைகிற கையுறை இரண்டு ஜோடி வாங்கியாயிற்று, ஒன்று நனைந்தால் மாற்ற.