செல்வி அத்தைக்கு நிமோனியா: 'நம்ம வீட்டு ஆளுக' குழுவில் ராத்திரிப் பேச்சு

செந்தில்: அம்மாவை வார்டுல சேர்த்தாச்சு. ஸ்வாப் டெஸ்ட்ல இன்ஃப்ளுயன்சா ஏ, அதான் ஃப்ளூ காய்ச்சல், பாசிட்டிவ். எக்ஸ்ரேல ரெண்டு பக்கமும் நிமோனியாவாம். உள்ள வரும்போது ரத்தத்துல ஆக்சிஜன் 89 சதவீதம். மாஸ்க் வச்சப்புறம் 95.

ராணி சித்தி: முருகா. சின்னப் பிள்ளையில இருந்து இழுப்பு இருக்கிற உடம்புடா அது. இதை எப்படித் தாங்கும்?

முருகேசன் மாமா: செந்திலு, இழுப்புக்கு இழுக்கிற அந்த ஸ்டீராய்டு பம்பை (இன்ஹேலரை) மொதல்ல நிறுத்து. எதிர்ப்பு சக்தியைக் குறைச்சிடும். நெஞ்சுல கிருமி இருக்கும்போது அதை இழுக்கலாமா?

செந்தில்: அதான் எனக்கும் குழப்பம் மாமா. பம்ப் என் பையிலதான் இருக்கு. இங்க இன்னும் யார்கிட்டயும் காட்டல.

பானு அக்கா: நிறுத்தாத செந்தில். இப்பவே டியூட்டி டாக்டர்கிட்ட காட்டு. தினம் எத்தனை தடவை, கடைசியா எப்ப இழுத்தாங்கன்னு சொல்லு. ஸ்டீராய்டு மாத்திரை எப்பவாவது சாப்பிட்டாங்களான்னும் கேப்பாங்க.

பானு அக்கா: சித்தி, அழாதீங்க. 2009-10ல பன்றிக்காய்ச்சல் (அதுவும் இன்ஃப்ளுயன்சா ஏ வகைதான்) பரவினப்ப பிரிட்டன்ல 75 ஆஸ்பத்திரியில அட்மிட் ஆன 1520 பேரோட விவரத்தை அலசினாங்க. அதுல நாலுல ஒருத்தருக்கு ஆஸ்துமா. வரும்போது மூச்சுத்திணறல் அவங்களுக்குத்தான் அதிகம், ஆக்சிஜனும் அதிகம் தேவைப்பட்டுச்சு. ஆனா ஐசியு, சாவுன்னு மோசமாகுற வாய்ப்பு மத்தவங்களைவிட கிட்டத்தட்ட பாதிதான். முன்னாடியே ஸ்டீராய்டு பம்ப் இழுத்துக்கிட்டு இருந்ததும், சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு வந்ததும்தான் காரணமா தெரிஞ்சுது. அத்தை ரெண்டையும் செஞ்சிருக்காங்க. ஒருநாள்கூட பம்பை விட்டவங்க இல்ல, காய்ச்சல் வந்த மூணாம் நாளே கிளம்பிட்டாங்க.

ரவி (அபுதாபி): அப்ப மாமா சொல்ற எதிர்ப்பு சக்தி?

பானு அக்கா: மாமா பயப்படுறதுலயும் நியாயம் இருக்கு. ஃப்ளூ நிமோனியாவுக்குன்னே ஸ்டீராய்டு ஊசி வழக்கமா போடுறதில்ல. கொரோனால ஆக்சிஜன் தேவைப்பட்டவங்களை டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு காப்பாத்துச்சு, அதை அப்படியே ஃப்ளூவுக்குப் போட முடியாது. ஆனா கூடவே வீசிங் இருந்தா வீசிங்குக்காகக் கொடுத்துத்தான் ஆகணும். பம்ப்ல வர்றது மைக்ரோகிராம் அளவு மருந்து. அதை நிறுத்தினா மூச்சுக்குழாய் இன்னும் வீங்கும்.

முருகேசன் மாமா: சரிம்மா. ஆனா நம்ம சண்முகம் அண்ணனுக்கும் இழுப்புதானே? வென்டிலேட்டர் வரைக்கும் போனாரே.

பானு அக்கா: பெரியப்பாவுக்கு ஆஸ்துமா இல்ல மாமா. பீடியால நுரையீரல் கெட்டுப்போன சிஓபிடி. அவங்களுக்கு நிமோனியா வந்தா ஆபத்து ஜாஸ்தி. ஆஸ்துமாலயும் அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படுறவங்கன்னா ஆஸ்பத்திரியில நாங்க கூடுதலாவே உஷாரா இருப்போம்.

செந்தில்: அக்கா, டாக்டர் பார்த்துட்டார். பம்பைத் தொடரச் சொல்லிட்டார். நெபுலைசர் ஓடுது. ஃப்ளூவுக்கு ஒசல்டாமிவிர் 75 மி.கி. ரெண்டு வேளை, 5 நாளைக்கு. மணிக்கட்டுல ஊசி குத்தி ரத்தம் எடுத்தாங்க, அம்மா வலி தாங்காம கத்திட்டாங்க. அது எதுக்கு?

பானு அக்கா: ஏபிஜி, ரத்தத்துல ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு எவ்ளோன்னு பார்க்கிற டெஸ்ட். தமனியில எடுக்கிறதால வலிக்கும். வீசிங்ல வேக வேகமா மூச்சு விடுறப்ப கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சுதான் இருக்கணும். திணறிக்கிட்டு இருக்கும்போதே அது நார்மலுக்கு ஏறினா, மூச்சு விடுற தசை ஓய்ஞ்சுபோகுதுன்னு அர்த்தம். உடனே ஐசியுவுக்குச் சொல்லிடுவோம். அத்தைக்கு எவ்ளோ?

செந்தில்: 31.

பானு அக்கா: நல்லது, நார்மலைவிடக் குறைவுதான். ராத்திரி அடிக்கடி பேச்சுக் குடு. "செந்திலு, தண்ணி குடு கண்ணு"ன்னு ஒரே மூச்சுல சொல்றாங்களான்னு பாரு. வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தினாலோ, கண்ணு சொருகினாலோ சிஸ்டரைக் கூப்பிடு. வீசிங் சத்தம் திடீர்னு நின்னு ஆள் சோர்ந்துட்டாலும் கூப்பிடணும். காத்தே உள்ள போகலன்னாலும் சத்தம் வராது.

செந்தில்: சரிக்கா. பம்ப் மாட்டி இழுக்கிற ஸ்பேசர் வீட்டுலயே இருக்கு.

முருகேசன் மாமா: சாவி என்கிட்ட இருக்கு. நான் கொண்டாறேன். கழுவணுமா பானு?

பானு அக்கா: சோப்புத் தண்ணில அலசிட்டு அப்படியே காய விடுங்க மாமா. துணியால துடைச்சா மருந்து உள்சுவர்லயே ஒட்டிக்கும். நீங்களும் மாஸ்க் போட்டுக்கங்க.

ராணி சித்தி: நானும் வர்றேன். பிள்ளைகளைக் கூட்டிட்டு வரல. செந்திலு, நீ சாப்பிட்டியா? இட்லி எடுத்துட்டு வர்றோம்.