புதுப்பிப்பு: அடிலெய்டு – ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பயணம், பெட்ரோல் செலவு குறைந்தது

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் காரில் போக, பெட்ரோல் செலவை எப்படிக் குறைக்கலாம் என்று கேட்டிருந்தேன். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தோம். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அதிகம் கைகொடுத்தது, வேகத்தைக் குறைக்கச் சொன்னதுதான். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் குடித்த வண்டி, 95 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்பதரை லிட்டருக்கு இறங்கியது. பின்னால் ரோடு ட்ரெய்ன் (பல டிரெய்லர்களை இழுத்துவரும் நீளமான லாரி) நெருங்கினால் ஒதுங்கி வழிவிட்டோம். கூரைப் பெட்டியைக் கிளம்பும்போதே கழற்றிவிட்டதால், அதில் மிச்சமானதைத் தனியாகச் சொல்ல முடியாது.

அப்புறம், போர்ட் அகஸ்டாவிலும் கூபர் பீடியிலும் டேங்கை நிரப்பினோம். இடையே சுமார் 540 கிலோமீட்டர். ரோட்ஹவுஸ்களில் (நெடுஞ்சாலையோர பெட்ரோல் நிலையங்களில்) விலை அதிகம். அதனால் அவற்றில் எர்ல்டண்டாவில் மட்டும், ஆலிஸ் வரைக்கும் போதுமான அளவு போட்டோம்.

எதிர்பாராதது எதிர்காற்று. மார்லா தாண்டியதும் அதே 95-இல் மறுபடி 11-ஐத் தொட்டது. கணக்குப் போடும்போது இதற்கும் இடம் விடுங்கள்.

இன்னொன்று: ஆலிஸ் பக்கம் சாதாரண 91 ஆக்டேன் பெட்ரோலுக்குப் பதிலாக ‘ஓபல்’ என்கிற பெட்ரோல். போதைக்காகப் பெட்ரோல் முகரும் பழக்கத்தைத் தடுக்கக் கொண்டுவந்தது. 91 போடும் எங்கள் வண்டி அதில் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடியது.